மார்பகக் கட்டி, பைராட்ஸ் 4ஏ: முதலில் ஊசியா, நேரே அறுவையா?

வட்டாரச் செவிலியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தொற்றா நோய்ப் பிரிவில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகத்தைக் கையால் பார்த்து, சந்தேகம் இருந்தால் மேலே அனுப்புகிறோம். கட்டியைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ரிப்போர்ட் கையில் வந்த பிறகு வீட்டார் கேட்கும் கேள்விகளுக்குத்தான் தெளிவான பதில் வேண்டியிருக்கிறது.

இப்போது முன்னால் இருக்கும் ரிப்போர்ட் இது. வயது 34. வலது மார்பு, கடிகாரக் கணக்கில் 10 மணி திசை, காம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒரு கட்டி. அல்ட்ராசவுண்டில் 2.6 x 1.9 செ.மீ., நீள்வட்டம், படுக்கை வாட்டத்தில் கிடக்கிறது, ஒரு பக்க விளிம்பு மட்டும் தெளிவில்லை. பைராட்ஸ் (படத்தை வைத்துச் சொல்லும் புற்றுச் சந்தேகத் தர எண்) 4ஏ. அக்குளில் நெறி இல்லை. எஃப்.என்.ஏ.சி.யில் (மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் சோதனை) ‘ஃபைப்ரோஅடினோமாவுடன் (புற்றல்லாத சாதாரணக் கட்டி) ஒத்துப்போகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். கை வைத்துப் பார்த்தால் கட்டி வழுக்கி ஓடுகிறது, தோல் இழுப்பு இல்லை.

ஒரு பக்கம் ‘சின்னக் கட்டிதான், அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்’ என்கிறார்கள். இன்னொரு பக்கம் ‘பயாப்சி ஊசி குத்தினால் பரவிவிடும், கையே வைக்க வேண்டாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள். எஃப்.என்.ஏ.சி. சாதாரணக் கட்டி என்று சொன்ன பிறகும் கோர் பயாப்சி (தடித்த ஊசியால் சதை இழை எடுப்பது) தேவையா? நேரே எடுத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தென்பொதிகை

சிஸ்டர், பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே 14 கேஜ் கோர் பயாப்சி செய்ய வேண்டும். கத்தி அதற்குப் பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால்.

மார்பகக் கட்டியில் கை, படம், ஊசி என்று மூன்று சாட்சிகள். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மாற்றிச் சொன்னாலும் மேலே தேட வேண்டும். இங்கே கை ‘சாதாரணம்’ என்கிறது, எஃப்.என்.ஏ.சி.யும் ‘சாதாரணம்’ என்கிறது, படம் மட்டும் ‘ஒரு பக்கம் சரியில்லை’ என்கிறது. 4ஏ என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூறில் இரண்டுக்கு மேல், பத்து வரை. குறைவுதான். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற வலு எஃப்.என்.ஏ.சி.க்குக் கிடையாது. மெல்லிய ஊசியில் வருவது உதிரிச் செல்கள். சுவரை இடித்து வந்த செங்கல்லைப் பார்த்து வீடு எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று சொல்ல முடியாது அல்லவா, அதே நிலைதான். ஃபைப்ரோஅடினோமாவும், வேகமாகப் பெருத்துத் திரும்ப முளைக்கக்கூடிய ஃபில்லோட்ஸ் கட்டியும் உதிரிச் செல்லில் பல நேரம் ஒரே மாதிரி இருக்கும். புற்று என்றாலும், அது பால் குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, குழாயை உடைத்து வெளியே வந்துவிட்டதா என்று எஃப்.என்.ஏ.சி. சொல்லாது. கோர் பயாப்சியில் சதை இழையாக வருவதால் அமைப்பு கலையாமல் கிடைக்கும்.

செய்முறையை வீட்டாருக்கு இப்படியே சொல்லலாம். படுக்க வைத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். தோலிலும் கட்டி வரை போகும் வழியிலும் லிக்னோகெய்ன் (மரத்துப்போகும் மருந்து) போடுவார்கள். அளவு கிலோவுக்கு 4.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 45 கிலோ எடை என்றால் 2 சதவீத மருந்தில் 10 மி.லி. தான் உச்சம், பாதியே போதும். தோலில் 3 மி.மீ. கீறல், தையல் வேண்டாம். ஊசி மார்புக்கூட்டுக்கு இணையாக, படுத்த வாட்டத்தில் போக வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் நுரையீரல் உறையில் பட்டுவிடும். ஊசியைச் செலுத்தும் பயாப்சித் துப்பாக்கியின் முனை 22 மி.மீ. முன்னால் பாயும் என்பதைக் கணக்கில் வைத்து நிற்க வேண்டும். ‘டப்’ என்று ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் பெண்கள் துள்ளுகிறார்கள், வலிக்காக அல்ல. முன்கூட்டியே ஒரு முறை வெளியில் அடித்துக் காட்டிவிட்டால் பயம் பாதி போய்விடும். நான்கு முதல் ஆறு இழைகள் எடுப்பார்கள். ஊசி கட்டிக்குள் இருக்கும் படத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும். பிறகு ‘கட்டியைத் தொட்டதா’ என்ற சந்தேகம் வந்தால் அதுதான் ஆதாரம். எடுத்த பிறகு பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதை அவசரப்பட்டு ஐந்தாறு முறை அமுக்கிவிட்டு விடுவதால்தான் மறுநாள் கத்தரிக்காய் நிறத்தில் இரத்தம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கும் பெரும்பாலும் செய்யலாம், கூடுதல் நேரம் அழுத்த வேண்டும். வார்ஃபரின் (இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை) என்றால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தின் சோதனை) பார்க்காமல் தொடக் கூடாது.

‘ஊசி குத்தினால் பரவும்’ என்பதைப் பற்றி: ஊசிப் பாதையில் சில செல்கள் இடம்பெயர்வது நடக்கும்தான். அவை அங்கே நிலைத்து வளர்வது மிக அரிது. கோர் பயாப்சி செய்ததால் ஒரு பெண்ணின் ஆயுள் குறைகிறது என்று எங்கும் நிலைநாட்டப்படவில்லை. உலகம் முழுக்க மார்பகப் புற்று சிகிச்சை இந்த ஊசியில்தான் தொடங்குகிறது. பரவிய பிறகு ஊசி போட வருகிறவர்களைப் பார்த்து ‘ஊசியால்தான் பரவியது’ என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. தாமதத்தின் பழி ஊசிமேல் விழுகிறது.

நேரே எடுத்தால் என்ன கெடும் என்பதைத் தனியாக எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

மெழுகுப்பாளம்

பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், நோய்க்குறியியல் ஆய்வகப் பக்கம். ஊசி சரியாகக் குத்தியும் ரிப்போர்ட் வீணாகப்போவது எங்கே என்று மட்டும் சொல்கிறேன். அறையிலிருந்து எங்கள் மேசைக்கு வருகிற அந்த வழியில்தான்.

இழை ஊசியை விட்டு வந்ததும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போக வேண்டும். சலைனில் போட்டு அனுப்புவதைவிடப் பெரிய தவறு கிடையாது. சலைனில் செல் அழுகத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் சேர வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள் நிறமேறாமல் ‘நெகடிவ்’ என்று வந்துவிடும். அப்படி ஒரு பொய் நெகடிவ் வந்தால், ஐந்து முதல் பத்து வருடம் டமாக்சிஃபென் மாதிரி ஹார்மோன் தடுப்பு மாத்திரையால் பலன் பெறவேண்டிய பெண்ணுக்கு அந்த மாத்திரையே கிடைக்காது. பத்து பைசா செலவில்லாத தவறு, விலை உயிர். அதனால் சீட்டில் எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் எழுதுங்கள். சனிக்கிழமை மதியம் எடுத்தது திங்கள் காலை எங்களிடம் வந்தாலும், ஃபார்மலினில் இருந்தால் கவலையில்லை.

டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளாக மேலே மிதந்தால் அது கொழுப்பு. கட்டியில் படவில்லை என்று சந்தேகப்படலாம். வெள்ளையாகக் கெட்டியாக அடியில் போய்ப் படிந்தால் பெரும்பாலும் கட்டி கிடைத்துவிட்டது. எல்லா இழையும் மிதக்கிறது என்றால் நோயாளி மேசையை விட்டு இறங்குவதற்கு முன்பே இன்னும் இரண்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டில் வரும் சொற்களில் ‘சாதாரணம்’, ‘புற்று’ என்று இரண்டே பெட்டி இல்லை, நடுவில் ஒன்று இருக்கிறது. ‘ஏடிபிக்கல் டக்டல் ஹைபர்பிளேசியா’, ‘பேப்பிலோமா’, ‘ஃபைப்ரோஎபிதீலியல் லீஷன், ஃபில்லோட்ஸை விலக்க முடியவில்லை’ போன்றவை வந்தால் அது நிம்மதி ரிப்போர்ட் அல்ல. ஊசியில் வந்தது கட்டியின் ஒரு மூலைதான், பக்கத்தில் இதைவிட மோசமானது இருக்கலாம் என்பதால் பெரும்பாலும் அந்த இடத்தை முழுதாக எடுத்துப் பார்க்கச் சொல்வோம். கடைசி வரியில் ‘நெகடிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்று இருப்பதை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மேலே இருக்கிற பத்தியையும் படியுங்கள்.

இன்னொன்று. படத்தில் 4சி அல்லது 5 (புற்றுச் சந்தேகம் அதிகம்) என்று இருந்து ஊசியில் ‘சாதாரண மார்பகத் திசு’ என்று வந்தால், ஊசி தவறிப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திரும்பச் செய்ய வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய ரிப்போர்ட் அல்ல அது.

வட்டாரச் செவிலியர்

இருவருக்கும் மிக்க நன்றி. டப்பாவை வெளிச்சத்தில் பார்ப்பது இன்றைக்கே பயன்படும். இரண்டு துணைக்கேள்விகள். கோர் பயாப்சியிலும் ஃபைப்ரோஅடினோமா என்றே வந்தால் அதை எடுக்க வேண்டுமா, விடலாமா? பால் கொடுக்கிற தாய்மார்களுக்குச் சிவந்து வீங்கி வருகிறதே, அங்கே எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

குறிஞ்சி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பெருநகரத்தில் இருந்து பார்த்தால் கோர் பயாப்சி சரி. ஆனால் அந்த ஊசிக்கு ஒரு செலவு, பயணம் ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம், ஃபைப்ரோஅடினோமா என்று வந்த பிறகும் ‘எடுத்துவிடுங்கள்’ என்று அவரே கேட்டால் மறுபடி ஒரு செலவு. 2.6 செ.மீ. கட்டி கையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பெண் தினமும் தொட்டுப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார். ஒரேயடியாக எடுத்து, முழுக் கட்டியையும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால் ஊசியைவிட அதிகத் தகவல் கிடைக்குமே. நூறில் தொண்ணூறு பேருக்கு மேல் அது போதும் அல்லவா?

தென்பொதிகை

குறிஞ்சி சொல்லும் செலவும் அலைச்சலும் நிஜம். பாதிக்கப்படுவது மிச்சம் உள்ள பத்துப் பேர் என்பதால்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

சாதாரணக் கட்டி என்ற எண்ணத்தில் எடுக்கும்போது கட்டியை ஒட்டியே உரித்து எடுப்போம். ஃபைப்ரோஅடினோமாவுக்கு அதுதான் முறை, உறையோடு பலாச்சுளை மாதிரி வெளியே வந்துவிடும். ஒரு வாரம் கழித்து ‘புற்று, விளிம்பில் இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தால் திரும்ப உள்ளே போக வேண்டும். ஆனால் கட்டி இருந்த இடத்தில் இப்போது இரத்தமும் வீக்கமும்தான் இருக்கின்றன. எந்தப் பக்க விளிம்பில் மிச்சம் என்று தெரியாது. கட்டியை வெளியே எடுத்ததும் மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல் என்று தைத்து அனுப்பியிருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்யலாம். ‘சாதாரணக் கட்டிதானே’ என்று எடுக்கும்போது யாரும் நூல் போடுவதில்லை. மார்பைக் காப்பாற்றியிருக்க வேண்டிய இடத்தில் முழு மார்பையும் எடுக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. கீறல் தவறான திசையில் இருந்தால் அந்தத் தழும்பையும் சேர்த்து எடுக்க நேரும். வெளி மேல்பக்கத்தில் பெரிய கீறல் என்றால் பிறகு அக்குளில் முதல் நிணநீர்க் கணுவைச் சாயம் வைத்துத் தேடுவதும் கடினமாகலாம்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று. 2.6 செ.மீ. என்றால் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. அது ஹெர்-2 (புற்றை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம்) பாசிடிவ் அல்லது மூன்று ஏற்பிகளும் இல்லாத வகையாக இருந்தால், பொதுவாக மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அறுவையைப் பிறகு செய்வோம். கட்டி உடம்பிலேயே இருப்பதால் மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். முடிவில் மிச்சம் இருந்தால் அடுத்த மருந்தை மாற்றிக் கொடுக்கலாம். கட்டியை எடுத்துக் குப்பியில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு திரும்பி வராது.

எல்லாவற்றையும்விட மோசமானது, எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கே அனுப்பாமல் வீட்டார் கையில் காட்டிவிட்டு வீசுவது. இது இன்னும் நடக்கிறது. எவ்வளவு சின்னக் கட்டியானாலும், எவ்வளவு இளம் வயதானாலும், உடம்பை விட்டு வந்த மார்பகத் திசு நுண்ணோக்கியின் கீழ் போயே ஆக வேண்டும்.

ஃபைப்ரோஅடினோமா கேள்விக்கு: கோரிலும் அதுவே வந்து, படம் பார்த்தவரும் ‘பொருந்துகிறது’ என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடலாம். 6, 12, 24 மாதத்தில் அல்ட்ராசவுண்ட். ஆறு மாதத்தில் நீள அகலம் 20 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ, 3 செ.மீ. தாண்டினாலோ, அவர் மனம் ஒப்பாமல் எடுத்துவிடுங்கள் என்று கேட்டாலோ எடுக்கலாம். கடைசிக் காரணமும் நியாயமான காரணமே, குறிஞ்சி சொன்ன பயம் லேசானதல்ல. கர்ப்பத்தில் பெரிதாகும், மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். சாதா ஃபைப்ரோஅடினோமா நாளடைவில் புற்றாக மாறும் என்று பயமுறுத்தி அறுக்கக் கூடாது. சில வாரங்களில் கண்முன்னால் பெருத்தால் மட்டும் ஃபில்லோட்ஸ் நினைவு வர வேண்டும். அதை ஒட்டி உரித்தால் திரும்ப முளைக்கும், சுற்றிலும் ஒரு செ.மீ. நல்ல திசுவோடு எடுப்பது வழக்கம்.

குறிஞ்சி

நூல் விஷயமும் மருந்து முதலில் என்பதும் என் கணக்கில் இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஊசியைத் தவிர்ப்பதில் அல்ல, ஊசி செய்யும் இடத்தை அருகில் கொண்டுவருவதில்தான் குறைக்க வேண்டும் என்று ஏற்கிறேன்.

எதிரொலி

ஸ்கேன் பக்கத்திலிருந்து. சிஸ்டரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதில்தான் தவறுகள் அதிகம்.

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வந்தால் முதலில் பால் கட்டிய அழற்சி என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்திலும் குழந்தை குடிக்கட்டும், நிறுத்தினால் நிலைமை மோசமாகும். ‘கட்டியைக் கரைக்கிறேன்’ என்று அழுத்திப் பிசைவதை வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே வீங்கிய திசு நசுங்கி அழற்சி கூடும். குளிர்ந்த ஒத்தடம் நல்லது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம் வீடுகளில் பாலை வற்றவைக்கச் செய்வது. இங்கே பால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் இப்போது வேண்டாம். ஓரிரு நாளில் குறையவில்லை என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸைக் கேட்கும் ஆன்டிபயாடிக், 10 முதல் 14 நாள். சீழ் கோத்திருந்தால் ஸ்கேன் பார்த்தபடி தடித்த ஊசியால் இழுத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பதே முதல் வழி. மேல்தோல் மெலிந்து பளபளவென்று உடையும் நிலையில் இருந்தால்தான் கீறிவிட வேண்டும்.

காலக்கெடு இதுதான்: முழு ஆன்டிபயாடிக் முடிந்தும் இரண்டு வாரத்தில் சிவப்பு அடங்கவில்லை என்றால், மூன்றாவது ஆன்டிபயாடிக் தேடாதீர்கள். ஸ்கேன், கோர் பயாப்சி, தோலிலிருந்தும் ஒரு சிறு பஞ்ச் பயாப்சி (வட்டக் கத்தியால் தோல் துண்டு எடுப்பது). அழற்சி வகைப் புற்று சீழ்க்கட்டி வேடத்தில் வரும். கட்டி தனியாகத் தட்டுப்படாது, மார்பு முழுக்கக் கனத்து, தோல் துளைத்துளையாகச் சாத்துக்குடித் தோல்போல ஆகும். காய்ச்சல் இருக்காது. பால் கொடுக்காத பெண்ணுக்கு ‘மாஸ்டைட்டிஸ்’ (மார்பக அழற்சி) என்றால் முதல் நாளே இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில், புற்று மாதிரியே காட்டும் சாதுவான நோயும் உண்டு. பிள்ளை பெற்ற சில ஆண்டுகளில் கல்லுபோல ஒரு கட்டி, தோல் சிவப்பு, அங்கங்கே சீழ் ஒழுகும் துளைகள். ஸ்கேனில் எனக்கே 4சி போடத் தோன்றும். ஊசி போட்டால் கிரானுலோமா (அழற்சிச் செல்களின் முடிச்சு) என்று வரும். இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய குழப்பம்: அது காசநோயா, காரணம் தெரியாத கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸா? முதலாவதற்கு ஆறு மாதக் காசநோய் மருந்து, இரண்டாவதற்குப் பல நேரம் ஸ்டீராய்டு. மாற்றிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. அதனால் அதே ஊசியில் ஓர் இழையை ஃபார்மலினில் போடாமல் தனியாக, ஈரமாக, சி.பி.நாட் சோதனைக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவது) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்ப வேண்டும். எல்லா இழையையும் ஃபார்மலினில் மூழ்கடித்துவிட்டால் கிருமி வளராது. மெழுகுப்பாளம் சொன்ன விதிக்கு இது ஒன்றே விலக்கு, சலைனில் ஒரு சொட்டு நனைத்து உடனே அனுப்பலாம். இந்த நோயைத் திரும்பத் திரும்பக் கீறிவிட்டால் ஆறாத துளைகள்தான் பெருகும்.

நீர்க்கட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய சுவர், உள்ளே சுத்தமான கறுப்பு, பின்னால் வெளிச்சம் என்றால் பைராட்ஸ் 2, தொட வேண்டாம். வலித்தால் நீரை இழுத்துவிடலாம். உள்ளே சதை முளைத்திருந்தால் அது வேறு கதை, அந்தச் சதையில் ஊசி போக வேண்டும்.

காம்பிலிருந்து நீர் வருவதற்கு ஒரு வெள்ளை காஸ் துணி போதும். ஒற்றி எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும், பல துளைகளில், அழுத்தினால் மட்டும், பாலாகவோ பச்சையாகவோ வந்தால் பெரும்பாலும் பயமில்லை. அப்போது வாயுத் தொல்லைக்கு லெவோசல்பிரைடு, டாம்பெரிடோன் மாத்திரை ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள், அவை பால் சுரக்கவைக்கும். ஒரே பக்கம், ஒரே துளை, தானாகவே உள்ளாடையில் கறைபடுகிறது, நிறம் இரத்தம் அல்லது தண்ணீர்போலத் தெளிவு என்றால் உடனே அனுப்ப வேண்டும். காம்பின் மேலேயே தொடங்கிய சொறி, களிம்பு போட்டும் சில வாரங்களில் ஆறவில்லை என்றால் அது தோல் வியாதி என்று விட்டுவிடக் கூடாது; பேஜெட் நோய் அப்படித்தான் தொடங்கும். சாதா எக்ஸிமா பெரும்பாலும் காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும்.

மேமோகிராம் எடுக்க வருகிறவர்களிடம் அன்றைக்கு மட்டும் அக்குளிலும் மார்பிலும் பவுடர், ஸ்ப்ரே போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். டால்கம் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளியாகத் தெரியும். தேவையில்லாமல் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

மருதம்

புற்றுநோய்ப் பிரிவுப் பக்கத்திலிருந்து கொஞ்சம். ரிப்போர்ட் புற்று என்றே வந்துவிட்டால் அடுத்த வேலை என்ன என்று வீட்டார் அன்றே கேட்பார்கள். ‘நாளைக்கே ஆபரேஷன்’ என்று ஓட வேண்டியதில்லை. சில நாட்கள் செலவழித்து வரிசையைச் சரியாகப் போடுவது நல்லது, மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது கூடாது.

அதே கோர் இழையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பார்க்கச் சொல்ல வேண்டும். ஹெர்-2 மூன்று பிளஸ் என்றால் பாசிடிவ், பூஜ்யமும் ஒன்றும் நெகடிவ், இரண்டு பிளஸ் என்றால் முடிவு தெரியவில்லை என்று பொருள், ஃபிஷ் சோதனை (ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்ப்பது) வந்தாக வேண்டும். இரண்டு பிளஸ்ஸைப் பார்த்துவிட்டு ஊகத்தில் மருந்து தொடங்குவது சரியல்ல. இரண்டு பக்க மேமோகிராம். அக்குளில் நெறி தடித்திருந்தால் அதிலும் ஊசி. அறிகுறி ஏதும் இல்லாத ஆரம்ப நிலைக்கு எல்லோருக்கும் பெட் ஸ்கேன் (உடல் முழுக்கப் பரவலைத் தேடும் படம்) தேவையில்லை. அந்தப் பணம் ஹெர்-2 மருந்துக்கு வேண்டியிருக்கும்.

மருந்து முதலில் என்றால், தொடங்குவதற்கு முன் கட்டிக்குள் ஒரு சிறு உலோக கிளிப் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து நன்றாக வேலை செய்து கட்டி மறைந்துவிட்டால் அறுவை மருத்துவருக்கு எந்த இடத்தை எடுப்பது என்றே தெரியாது. நல்ல செய்தியே சிக்கலாகிவிடும். இதயத்தைத் தொடும் மருந்துகளுக்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்). 34 வயது என்பதால் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும், இன்னொரு பிள்ளை வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். கருமுட்டை பாதுகாப்பு பற்றி கீமோ தொடங்கிய பிறகு பேசிப் பயனில்லை. இந்தக் கேள்வியைப் பலர் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். இந்த வயதில் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை (குடும்பவழி மார்பகப் புற்றுக்கான சோதனை) பற்றியும் பேச வேண்டும், முடிவு தங்கை, மகள் வரைக்கும் போகும்.

முழு மார்பை எடுத்தால்தான் பிழைப்பாள் என்ற எண்ணம் இன்னும் நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் 1,851 பெண்களிடம் நடந்த பி-06 ஆய்வின் 20 வருட முடிவும், இத்தாலியில் மிலானில் 701 பெண்களிடம் நடந்ததன் 20 வருட முடிவும் 2002இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் முழு மார்பை எடுத்தவர்களும் ஒரே அளவு வாழ்ந்தார்கள். கதிர்வீச்சு இப்போது பல இடங்களில் 15 அமர்வு, மூன்று வாரம். ஊரை விட்டு வந்து தங்க வேண்டும் என்பதால் அந்த மூன்று வாரத்துக்கு இடமும் துணையும் பார்த்துவைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் கேட்பது அதைத்தான், காகித ரிப்போர்ட்டை அல்ல. வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்தால் மெழுகு உருகிவிடும்.

சிஸ்டருக்குத் தனியாக ஒன்று. கையால் பார்ப்பது வீண் வேலை என்று சிலர் சொல்வார்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில், எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்பில் தெளிவான வேறுபாடு நிலைநாட்டப்படவில்லை. ஆனால் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. புற்றும் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. கருவி எதுவும் இல்லை, விரல்கள்தான்.

வட்டாரச் செவிலியர்

நிறையத் தெளிந்தது. பரிந்துரைச் சீட்டில் இப்படி எழுதலாமா என்று பாருங்கள்: “வலது மார்பு, 10 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ., 2.6 x 1.9 செ.மீ., பைராட்ஸ் 4ஏ, எஃப்.என்.ஏ.சி. ஃபைப்ரோஅடினோமா, கட்டி அகற்ற அனுப்பப்படுகிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் இல்லை.”

தென்பொதிகை

‘கட்டி அகற்ற’ என்பதை அடித்துவிட்டு ‘அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில் கோர் பயாப்சிக்கு’ என்று எழுதுங்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அங்கே செய்வார்கள். கடைசி மாதவிடாய் தேதியையும், பால் கொடுக்கிறாரா என்பதையும் சேருங்கள். கொடுக்கிறவராக இருந்தால் ஊசிக்குச் சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வரட்டும், மார்பு தளர்ந்திருக்கும், காயத்தில் பால் கசிவதும் குறையும். பழைய ஸ்கேன் படம் இருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தையும் கொடுத்தனுப்புங்கள்.

மெழுகுப்பாளம்

டப்பாவில் பெயர் எழுதும்போது மூடியில் எழுதாதீர்கள், பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூடிகள் மேசையில் மாறிப்போகும்.